தாசம்மாள் நகர்த்திய கல்

1

இந்தக் கதை ஒரு கல்லிலிருந்து வந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த சர்வே கல். சாலை எந்த வழியாக வரப்போகிறது என்று காட்ட நடுவது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, ஒரு காயலை ஒட்டிய வயலில், ஊரார் எல்லோரும் அந்தக் கற்களைப் பிடுங்கிக் காயலில் எறிந்துகொண்டிருந்த கோடையில், தாசம்மாள் என்ற பெண் ஒரு கல்லைப் பிடுங்கித் தன் வீட்டு முற்றத்தில் நட்டுவைத்தாள். சாலை தன் வீட்டின் மேல் வரட்டும் என்று.

அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. நகரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க்கில் வேலை பார்த்துக்கொண்டு, ஹைவேயை ஒட்டிய ஹாஸ்டலில் லாரிச் சத்தத்தோடு தூங்கிக்கொண்டு, சில வருடங்களாக அதை வைத்திருந்தேன். சிரிப்புக் கதையாக எழுதிவிடலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எழுத முடியவில்லை.

நான் விலங்கியல் படித்தவள். எனக்குத் தெரிந்த எழுத்து பரிசோதனைக் குறிப்பு மட்டும்: நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, கண்டது, முடிவு. இந்தக் கதைக்குக் கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"2003 மார்ச்சில், நகரத்தைச் சுற்றிப் போகும் சுங்கச் சாலை ஒன்றுக்கான ஆய்வுப் பணிகள் தொடங்கின." இது செய்தி. அடித்துவிட்டேன்.

"காயல் கண்ணாடியாகக் கிடந்தது." கிடக்கவில்லை. மார்ச்சில் அதன் கரைவயல் முழுக்க வெடித்த சேறு. எல்லாக் காயலும் எல்லாக் கதையிலும் கண்ணாடியாகத்தான் கிடக்கிறது. இதையும் அடித்துவிட்டேன்.

"ஷிஜாவுக்கு அவன் ஒரு புள்ளிதான். அவனுக்கு அவள் பக்கத்தில் இருந்தாள்." இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் ஷிஜா யார் என்று சொல்ல வேண்டும்.

ஷிஜா, கேரள எல்லையோரத்தில் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வீட்டிலும் சபையிலும் தமிழ், பள்ளியிலும் பஸ்ஸிலும் மலையாளம். கூட்டத்தில் பேசமாட்டாள். கடையில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்படுவாள். (எனக்கும் அப்படித்தான். ஆனால் ஷிஜா நான் அல்ல. அவள் என்னைவிட உயரம். இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றே உயரமாக்கினேன்.)

கல்லூரி முடித்ததும் திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை ஒட்டிய தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். பெரிய சாலையோ அணையோ வருவதற்கு முன்னால், அந்த இடத்தில் என்ன செடி, என்ன பறவை, என்ன மீன் இருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதித் தருவது அவர்கள் தொழில். அறிக்கை அரசாங்கக் கமிட்டிக்குப் போகும். கமிட்டி சரி என்றால் சாலை.

அறிக்கைக்கு ஒரு விதி இருந்தது. ஒரு வருடம் முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பருவம் பார்த்தால் போதும், மழைக்காலம் நீங்கலாக.

அந்த இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் நீங்கலாக.

3

மகேஷ்குமார் வள்ளியூர்க்காரன். டிப்ளமோ படித்தவன். சாலைக் கம்பெனியின் சர்வேயர். வயலுக்கு மேற்கே ஒரு வாடகை வீட்டில் அவர்கள் கேம்ப் இருந்தது. அளவெடுப்பது முடிந்து அனுமதி கிடைத்தால், அதே கேம்ப் மூன்று வருடம் அங்கேயே இருந்து சாலையைப் போடும். இதை அவன் முதல் நாளே சொன்னான். சும்மாதான் சொன்னான்.

அவன் கருவி முக்காலியின் மேல் நிற்கும். தொலைநோக்கியும் கணக்குப்பொறியும் சேர்ந்தது. ஒருவர் அதன் வழியாகப் பார்க்க வேண்டும். இன்னொருவர் தூரத்தில் பிரிசம் பொருத்திய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்க ஒரு ஆள் உண்டு. ஒரு ஹர்த்தால் நாளில் பஸ் ஓடவில்லை, அந்த ஆள் வரவில்லை. ரயில் ஓடியது. ஷிஜா வந்துவிட்டாள்.

"மேடம், ஒரு உதவி. இதப் பிடிச்சிக்கிட்டு அந்த வரப்புல போய் நிக்க முடியுமா?"

"நானா?"

"வேற யாரு இருக்கா. ஒரு கொக்கு நிக்கி. அது பிடிக்காது."

கம்பத்தையும் வாக்கி டாக்கியையும் வாங்கிக்கொண்டு போனாள். வரப்பின் கோடியில் நின்று திரும்பியபோது அவன் ஒரு புள்ளியாக இருந்தான்.

"கேக்குதா மேடம்?"

"கேக்குது."

"கொஞ்சம் வலது பக்கம். உங்க வலது இல்ல. என் வலது. ஆங். போதும். ஆடாம நில்லுங்க."

நின்றாள்.

"மூச்சு விடலாம் மேடம். கம்பம்தான் ஆடக் கூடாது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் புள்ளிக்கு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. நெற்றி வியர்வையும், காதோரத்து முடியும், காலையில் அவசரத்தில் கோணலாகக் குத்திய துப்பட்டாப் பின்னும். அங்கிருந்து பார்த்தால் அவள் ஒரு மேஜையின் எதிர்ப்புறம் உட்கார்ந்திருக்கும் தூரம்.*

"ஓக்கே. வரலாம்."

அதுதான் விடுவிக்கும் சொல். அதைக் கேட்கும்வரை அசையக் கூடாது. அசைந்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

அடுத்த வாரங்களில் கம்பம் பிடிக்கிற ஆள் ஒழுங்காக வந்தான். ஆனாலும் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஷிஜா பிடித்தாள். யாரும் இதற்குக் காரணம் கேட்கவில்லை.

* தொலைநோக்கியின் இயல்பு இது. பிடித்து நிற்பவருக்கு எதுவும் தெரியாது. பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில் வந்தால் கதை தலைகீழ். எதிரே நின்று பேசும்போது மகேஷ்குமார் ஒருநாளும் நான் (ஷிஜா என்று படிக்கவும்) இருந்த பக்கம் பார்த்ததில்லை. தண்ணீர் பாட்டிலைப் பார்த்துத்தான் பேசுவான்.

4

இனி தாசம்மாள்.

இவளை எழுதும்போது ஒரு சந்தேகம் வந்தது. சுற்றுச்சூழல் கதையில் காயலோரம் வாழும் பெண் காயலைக் காப்பாற்ற வேண்டும். வாசகர் அதைத்தான் எதிர்பார்ப்பார். தாசம்மாள் அதைச் செய்யவில்லை. மாற்றி எழுதிப் பார்த்தேன். காயலைப் பற்றி இரண்டு நல்ல வாக்கியம் அவள் வாயில் வைத்தேன். அவள் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள்.

வயல் நடுவே உயர்ந்த வரப்பில் அவள் வீடு. ஓட்டு வீடு. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, வீட்டைச் சுற்றிலும். மகள் நீதுவுக்குக் கழக்கூட்டத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. விடியும் முன் இறங்கி, வரப்பில் நடந்து, இரண்டு பஸ் மாற வேண்டும். புருஷன் இல்லை.

ஊர்க்காரர்கள் கற்களைப் பிடுங்கத் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். மகேஷ்குமாரும் ஷிஜாவும் அந்த வரப்பு வழியாகப் போனார்கள். முற்றத்தில் ஒரு மஞ்சள் கல் நின்றது.

"சாரே, இஞ்ஞயும் ஒண்ணு நட்டிருக்கு, பாத்தியளா," என்றாள் தாசம்மாள். கையில் மீன், மடியில் செதில்.

அவன் குனிந்து பார்த்தான். "இது யாரு நட்டதுக்கா?"

"ஒங்க ஆளுவதான். மறந்திருப்பிய."

"இதுல நம்பர் போட்டிருக்குக்கா. இது அந்தா, பெரிய வரப்புல நிக்க வேண்டிய கல்லு."

"நடந்து வந்திருக்கும்."

ஷிஜா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். கல்லைப் பார்த்துத்தான் சிரித்தான்.

"கல்ல நகத்துனா ரோடு நகராதுக்கா. ரோடு கம்ப்யூட்டர்ல இருக்கு."

"பின்ன எதுக்கு இத நடுதிய?"

அவன் கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"ஊர்ல உள்ளவனுவ ஒக்கக் கல்லப் பிடுங்கி வெள்ளத்தில எறியானுவ," என்றாள். "அவனுவளுக்கு மேட்டுல வீடு உண்டு. எறிவானுவ. மழ பெஞ்சா எனக்க அடுப்பில மீன் நீந்தும் சாரே. எம்பிள்ள இடுப்பு மட்டும் வெள்ளத்தில நடந்து ஜோலிக்குப் போவா. ரோடு எனக்க வீட்டு மேல வந்தா சர்க்கார் வேற இடம் தருமில்லியா? இல்லேங்கியளா?"

"உங்க வீட்டுக்குக் கொஞ்சம் கிழக்க வருதுக்கா. அந்த இடத்துல ரோடு அகலம். டோல் வருது."

"டோலுன்னா?"

"காசு வாங்குற இடம். குறுக்க கம்பு இருக்கும். எல்லா வண்டியும் நிக்கணும்."

"நிக்காம போவ முடியாதா?"

"முடியாது. யாரா இருந்தாலும் நிக்கணும்."

தாசம்மாள் யோசித்தாள். "அப்பம் எனக்கு வீடு போகண்டாம். சாயக்கட போடுதேன். வண்டி நிக்கிற நேரத்தில ஒரு சாய குடிக்கமாட்டானுவளா? இந்தப் பிள்ளைய கல்லாவில இருத்துதேன். வாறியா மக்களே?"

"அதுக்கு என்னா, வாறேன்," என்றாள் ஷிஜா.

கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் அன்று மாலை ரயிலில் அவள் அதையே நினைத்துக்கொண்டு போனாள். யாரா இருந்தாலும் நிக்கணும். அப்படி ஒரு இடம் உலகத்தில் இருப்பதாக அதுவரை அவளுக்குத் தெரியாது.

5

[இங்கே காயலின் பறவைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். கோடையில் பறவைகள் அதிகம் இல்லை என்பதுதான் விஷயம்.]

அதுதான் ஷிஜாவைத் தொந்தரவு செய்தது. அவள் பார்க்கிற வயலில் பெரிதாக எதுவும் இல்லை. வெடித்த மண். காய்ந்த கோரை. சில மைனாக்கள். கண்டதை எழுதினால் அது ஒரு வெற்று நிலம். வெற்று நிலத்தில் சாலை போடலாம்.

ஏப்ரலில் ஒரு நாள் வெடிப்பு ஒன்றில் கம்பியால் கிளறினாள். ஒரு நத்தை. வாயை மூடி போட்டு அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. கல்லூரியில் அறுத்துப் பார்த்த அதே நத்தை. நீர் வற்றினால் மண்ணுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். தேர்வில் எழுதியிருந்தாள். ஒரு வயல் முழுக்க அப்படிக் கிடக்கும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

ஒன்றை எடுத்துத் தாசம்மாள் வீட்டு வாளியில் போட்டாள்.

"செத்தத போட்டிருக்கீங்க மேடம்," என்றான் மகேஷ்குமார்.

"சாகேல."

மறுநாள் காலை அவன் அவளுக்கு முன்னால் வந்து வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தான். நத்தை வாளியின் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு கொம்பையும் நீட்டி, மெதுவாக, தூங்கி எழுந்த மாதிரி.

"இது எவ்வளவு நாளு அப்படி மூடிக் கெடக்கும்?"

"மழ வாறது வரைக்கும்."

"வரலேன்னா?"

"கெடக்கும்."

அவன் விரல் நுனியால் ஒரு கொம்பைத் தொட்டான். பிறகு வாளியைப் பார்த்தபடி, "நீங்க பேசுறது தமிழா மலையாளமான்னு மொதல்ல எனக்குக் குழப்பம்," என்றான். "இப்ப புரியுது."

"என்னது புரியுது?"

"நீங்க கொஞ்சமாப் பேசுறதால ரெண்டும் ஒண்ணுதான்."

அந்த வாளியைச் சுற்றி அவர்கள் இருந்த அந்தக் காலையை இன்னும் நீளமாக எழுத ஆசை. அறிவியல்படி அதில் இதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

6

இப்போது கணக்கைத் தெளிவாக வைக்கிறேன். கதையில் இந்த இடத்தில் வாசகர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

ஷிஜா கண்டதை மட்டும் எழுதினால் விதிப்படி அறிக்கை முழுமை. அனுமதி வரும். கேம்ப் இருக்கும். மகேஷ்குமார் மூன்று வருடம் இருப்பான். தாசம்மாளுக்குச் சாயக்கடை.

"இந்த இடத்தை மழைக்காலத்திலும் பார்க்க வேண்டும்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், எல்லாம் ஒரு பருவம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் கம்பெனி சர்வே ஆட்களைச் சும்மா உட்கார்த்தி வைக்காது. வேறு ஊருக்கு அனுப்பும்.

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சேர்க்காவிட்டால் யாருக்கும் தெரியாது. நத்தைகளுக்குக்கூட, கடைசிவரை.

அவளுடைய மேலாளர் சேஷன் கரமனை அக்ரஹாரத்துக்காரர். வரைவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு சீசன் போறும்னு ரூல் இருக்கேம்மா. நீ ஏன் இழுத்து விட்டுக்கறே?"

"மண்ணுக்குள்ள ஒண்ணு உண்டு சார். மழ பெஞ்சாத்தான் தெரியும்."

"தெரிஞ்சா?"

"அது வெற்று நிலம் இல்ல."

"வாயத் தொறக்க மாட்டே, தொறந்தா இப்படி." அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "நான் அடிக்கச் சொல்லல. அனுப்பிச்சுடறேன். கீழ உன் பேர்தான் போறது. ராத்திரி யோசிச்சுக்கோ. நாளைக்குச் சொல்லு."

ஷிஜா யோசித்தாள். ரயிலில், சபையில், பாத்திரம் கழுவும்போது. அவள் யோசித்ததை நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவளை ரொம்ப நல்லவளாக்கிவிடுகிறேன். அது உண்மையல்ல. காயலுக்காக அவள் உருகவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சாலை. நான்கு வழியும், சுங்கச்சாவடியும், கம்பும், எல்லாம் வேண்டியிருந்தது. அவ்வளவு வேண்டியிருந்ததால்தான் அந்த வாக்கியத்தை அடிக்க முடியவில்லை. அடித்துவிட்டு அவன் எதிரே போய் நின்றால், தொலைநோக்கியில் அதுவும் தெரிந்துவிடும் என்று பயந்தாள்.

"இருக்கட்டும் சார்," என்றாள் மறுநாள்.

7

ஒரு கேள்வி வரும். அவன் ஏதாவது சொன்னானா?

இல்லை.

அவளாவது?

இல்லை. அவள்தான் மீதிச் சில்லறையே கேட்காதவள் ஆயிற்றே.

பிறகு எதை வைத்து இவ்வளவும்? நியாயமான கேள்வி. கையிலிருக்கும் ஆதாரங்கள்: ஒரு வாளி. ஒரு சிரிப்பு, கல்லைப் பார்த்து. அம்மா வள்ளியூரிலிருந்து கொடுத்தனுப்பிய அதிரசத்தை அவன் கேம்பில் யாருக்கும் கொடுக்காமல் பொட்டலத்தோடு கொண்டுவந்து, "மேடம், இது எண்ணெய் ஜாஸ்தி," என்று குறை சொல்லித் தந்தது. ஆய்வுக் கட்டுரையாக இருந்தால் மாதிரி போதாது என்று திருப்பி அனுப்புவார்கள்.

8

கடைசி நாள் ஜூன் தொடக்கம். மேற்கே காயலின் மேல் மேகம் கறுத்திருந்தது. சாலைக் கம்பெனி வரைவைப் பார்த்துவிட்டது. கேம்பைக் கலைக்கச் சொல்லிவிட்டது. அவனுக்கு ஒரிசா. அன்று மாலை தம்பானூரில் ரயில்.

கம்பம் பிடிக்கிற ஆள் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டான்.

"ஒரே ஒரு புள்ளி பாக்கி இருக்கு," என்றான் மகேஷ்குமார். "டோலோட ஒரு மூலை. அந்த அக்கா வீட்டுக்குப் பக்கத்துல. பிடிக்கீங்களா?"

"இனி எதுக்கு அது?"

"வேலைய பாதியில விடக் கூடாதுல்லா."

முக்காலியை விரித்தான். அதன் கால்களை மண்ணில் மிதித்து இறுக்கிக்கொண்டே கேட்டான்.

"நீங்க எழுதுனதாலயா மேடம்?"

"ஓ."

ஆமாம் என்று தலையாட்டினாள்.

"நத்தையா?"

"ஓ."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க." அடுத்த காலையும் மிதித்தான். "மூணு வருசம் இங்கதான்னு அம்மாட்ட சொல்லியிருந்தேன். வந்து பாருன்னு சொல்லியிருந்தேன்."

ஷிஜாவுக்குச் சொல்ல இருந்தது. மலையாளத்தில் இருந்தது, தமிழில் இருந்தது. கம்பத்தையும் வாக்கி டாக்கியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தாசம்மாளின் முற்றத்தில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள். அவன் புள்ளியானான்.

"கேக்குதா?"

"கேக்குது."

"கொஞ்சம் இடது. என் இடது. ஆங். ஆடாம நில்லுங்க."

நின்றாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு புள்ளியை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. பலமுறை பிடித்தவளுக்குத் தெரியும். முதல் துளி கம்பத்தில் விழுந்தது. அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன் முகத்தை ஒளிக்கவில்லை. வாழ்நாளில் ஒரே முறை, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தும், எல்லாவற்றையும் முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மழை ஒரே வீச்சில் வந்தது. வாக்கி டாக்கி கரகரத்து அடங்கியது. மழையின் வெள்ளைக்கு அந்தப் பக்கம், யாரோ ஓடிப்போய்க் கருவியின் மேல் தார்ப்பாயை இழுப்பது போலத் தெரிந்தது. ஈரம் பட்டால் கருவி போய்விடும். அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். தொழில் அப்படி. ஜீப்பின் சத்தம் கேட்டது. அல்லது இடி.

"உள்ள வா மக்களே," என்று தாசம்மாள் கூப்பிட்டாள். "மழையில நின்னு என்னத்துக்கு?"

"அவரு வரச் சொல்லேல," என்றேன்.

9

"என்றாள்" என்று இருக்க வேண்டும். திருத்தவில்லை. இனி எதற்கு உயரம்.

பிறகு நடந்தது சுருக்கம். மழையில் நான் தனியாகப் போனேன். வயல் காயலாகியிருந்தது. நத்தைகள் கோரைத்தண்டுகளில் ஏறியிருந்தன. அவற்றைத் தின்னக் கூட்டமாக நாரைகள் வந்திருந்தன. தாசம்மாள் அடுப்பில் உண்மையாகவே ஒரு மீன் இருந்தது, உயிரோடு. எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

சாலை வரவில்லை. என் அறிக்கையால் அல்ல. ஊர்வலம் நடந்தது, தேர்தல் வந்தது, பணம் போட வந்தவர்கள் பின்வாங்கினார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். எதனால் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எப்படியும் அது நின்றிருக்கும். என் வாக்கியம் செய்த ஒரே வேலை, மகேஷ்குமாரை முன்கூட்டியே ஒரிசாவுக்கு அனுப்பியது.

அவருடைய எண் என்னிடம் இல்லை. கேட்கவில்லை. கேம்பின் லேண்ட்லைனுக்கு ஒரு தடவை போன் செய்தேன். மணி அடித்தது. வீட்டுக்காரர் எடுத்து, "ஆரா?" என்றார். வைத்துவிட்டேன்.

போன மாதம் எங்கள் ஆபீஸ் லிப்டில் நீதுவைப் பார்த்தேன். சீருடையில் இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"சேச்சி, அம்மா இப்பவும் கேக்கும். ரோடு எப்ப வருமுன்னு."

"வராது நீது. விட்டாச்சு."

"அது நாங்க சொன்னா கேக்காது. கல்லு நிக்கில்லியான்னு கேக்கும். துணி அடிக்கியது அதிலதான். சோப்புப் போட்டுப் போட்டு மஞ்ச எல்லாம் போச்சு. எடுக்க விடமாட்டேங்கு." லிப்ட் நின்றது. அவள் வாளியைத் தூக்கினாள். "ஒரு நாளு வாங்க சேச்சி. சாயக்கடைக்கு வாறேன்னு நீங்க சொன்னியளாம் ஒருக்க."

அன்று மாலைதான் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

10

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ. அந்த வாக்கியத்தை நான் அடித்துவிடுகிறேன். அவர் மூன்று வருடம் இருக்கிறார். இதை எழுதும்போது கை தயங்கியது. மூன்று வருடமும் அவர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தே பேசியிருக்கலாம். நானும் மூன்று வருடம் கம்பம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எங்கள் இருவரையும் எனக்குத் தெரியும்.

ஆ. சாலை வந்துவிட்டது. இது கதைதானே, அனுமதி நான் கொடுக்கிறேன். தாசம்மாளின் சாயக்கடை. கல்லாவில் நான். எட்டு வரிசையில் வண்டிகள் நிற்கின்றன. ஒரிசாவிலிருந்து திரும்பும் ஒருவர், தம்பானூரில் ரயில் இறங்கி வள்ளியூருக்குப் போகிறவர், நிற்காமல் போக முடியாது. கண்ணாடியை இறக்குகிறார். நான்

இந்த முடிவுதான் எனக்கு வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். ஆனால் சாவடி வர வேண்டுமென்றால் முதலில் வயலை நிரப்ப வேண்டும். அதையும் நானே எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன்: "லாரிகள் வந்து செம்மண்ணைக் கொட்டின. அதற்கு அடியில், மழை வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டு"

இதற்கு மேல் அந்த வாக்கியம் போகவில்லை. நான் கொஞ்சம் தள்ளிவிட்டுப் பார்த்தேன்.

தாசம்மாளை இப்போது எனக்குப் புரிகிறது. கல்லை நகர்த்தினால் சாலை நகராது என்று அவளுக்கு அன்றே தெரியும். இருந்தாலும், எங்கே வர வேண்டும் என்று ஒரு அடையாளமாவது வைக்க வேண்டாமா. நானும் இந்தப் பக்கங்களில் அதைத்தான் செய்திருக்கிறேன். நட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறேன்.

இ. உண்மையான முடிவு. அது என்னிடம் இல்லை. கம்பத்தைப் பிடித்து நிற்பவருக்கு "வரலாம்" என்ற அந்தச் சொல் கிடையாது. லென்சுக்குப் பின்னால் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் போனார். அல்லது சொன்னார், மழையில் எனக்குக் கேட்கவில்லை. இரண்டில் எது என்று இத்தனை வருடமாகத் தெரியவில்லை.

இப்போது லென்சுக்குப் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள். கொஞ்ச நேரமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. இங்கிருந்து நீங்கள் ஒரு புள்ளி. வள்ளியூரில் இந்தப் பத்திரிகை கிடைக்குமா என்றும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு என் முகம் தெரிகிறது. மேகம் திரும்பக் கறுக்கிறது. தாசம்மாள் கொடியிலிருந்து துணி எடுக்கிறாள். கல் அதே இடத்தில் இருக்கிறது.

இடது, வலது எதுவானாலும் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக் கணக்கிலேயே சொல்லுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

நான் ஆடாமல் நிற்கிறேன்.